தடம் வைக்காத முயல்

ஆலங்குளத்தின் கீழ்க்கரையில் பூவாத்தா என்ற முயல் கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டும் மண்ணுக்குள் இருந்தன. கோரையை மேலாக இழுத்தால் தலை மட்டும்தான் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு எட்டாம் நாள் எட்டிப் பார்க்கும். அதனால் ஒவ்வொன்றையும் சுற்றித் தோண்டிக் கிழங்கோடு எடுத்து, வெயிலில் காயப் போட்டாள். அவளுடைய நான்கு குட்டிகளும் காய்ந்த கோரையை எடுத்து ஒன்றையொன்று அடித்து விளையாடின.

கருவேல மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடந்த அந்தத் துண்டு நிலம் நாலு வருசத்துக்கு முன்னால் வெறும் கல். பூவாத்தாதான் கல் பொறுக்கி, பாத்தி கட்டி, தட்டைப்பயறு விளையும் நிலமாக ஆக்கினாள். தன் புழுக்கையைக்கூட வீணாக்க மாட்டாள். பாத்திக்கு அடியில் விரற்கடை ஆழத்தில் புதைத்து வைப்பாள். மேலே கிடந்தால் வேட்டை நாய்க்கு வாசம் போகும். உள்ளே கிடந்தால் பயிருக்குச் சத்து போகும்.

வேலை முடிந்ததும் ஆவாரங் கொத்து ஒன்றை எடுத்து நிலம் முழுவதையும் கூட்டுவாள். தன் கால்தடம் ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவாள். அப்போதும் நேராகப் போக மாட்டாள். பக்கவாட்டில் மூன்று தாவல் தாவி, கொஞ்சம் வந்த வழியே திரும்பி, பிறகுதான் சங்கம்புதருக்குள் நுழைவாள். "தடத்தை விட்டவள் தலையை விட்டவள்" என்பது முயல் வீட்டுப் பழமொழி. தாய்ப்பால் மறப்பதற்கு முன்னால் குட்டிகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

அந்த வருசம் அவளுக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. போன மழை பொய்த்துவிட்டது. விதைக்கு எடுத்து வைத்திருந்த பயறையும் சித்திரையில் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டாள். இனி மழை பெய்தாலும் விதைக்க ஒரு மணி இல்லை. விதைக்காத நிலத்தில் கோரைதான் அறுவடை. கோரையைத் தின்று நான்கு குட்டிகளும் அடுத்த கோடையைத் தாண்டா.

அன்றைக்குத்தான் காக்கை வந்து கருவேல மரத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தண்டோரா போட்டது. காட்டரசாங்கம் கரைக்காப்புத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறதாம். எல்லாரும் தண்ணீர் விளிம்புவரை தோண்டுவதால் கரை சரிந்து குளம் தூர்ந்து போகிறதாம். ஆகவே குளத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் தண்ணீர் ஓரமாகப் பத்து எட்டு வைக்கிற அகலத்துக்கு நிலத்தை உழாமல், மேய்க்காமல் விட்டு, அதில் வெட்டிவேர் நட வேண்டுமாம். அப்படி விடுகிறவர்களில் பயிர் வைக்கிறவர்களுக்கு விதைப்பயறு கடனாகக் கிடைக்குமாம். அறுவடை முடிந்து வாங்கிய அளவே திருப்பிக் கொடுத்தால் போதுமாம். பூச்சி மேய்க்கிறவர்களுக்கு எருக்கங்கன்று கிடைக்குமாம். மூன்று மழைக்காலம் அந்தக் கரையைக் காத்தவர்களுக்கே அங்கே புல் அறுக்கும் உரிமையும் வந்துவிடுமாம்.

காக்கை சொல்லி முடிப்பதற்குள் கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

பக்கத்து வரப்பில் வளை வைத்திருந்த பெருச்சாளி மாமாதான் முதலில் வாயைத் திறந்தது. "மூணு மழைக்கு விடச் சொல்லுவாங்க. நாலாம் மழைக்கு வேலி போடுவாங்க. அஞ்சாம் மழைக்கு, 'இங்க ஒரு பெருச்சாளி இருந்துச்சாமே'ன்னு உங்க பிள்ளைங்க கேக்கும்."

தண்ணீரிலிருந்து தவளை தலையை நீட்டியது. குளத்தைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்களே, குளத்துக்குள் இருக்கிற தன்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று அதற்குக் கோபம். கேட்காமல் செய்கிற உதவியில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்றது.

எருக்கஞ்செடியின் தண்டிலிருந்து மருதாயி என்ற எறும்பு இறங்கி வந்தாள். அவள் அசுவினிப் பூச்சிகளை மந்தையாக மேய்த்து, அவை விடும் தேன்துளியைக் கறந்து குடும்பம் நடத்துகிறவள். "பத்து எட்டுன்னா யாரு எட்டு? யானை எட்டா, என் எட்டா?" என்று கேட்டாள்.

காக்கைக்குத் தெரியவில்லை. "சொல்லச் சொன்னதைச் சொன்னேன். சந்தேகம் இருந்தா பௌர்ணமியன்னைக்கு ஆலமரத்தடிக்கு வாங்க. அதிகாரியம்மா வருவாங்க. ஈரக் களிமண் தட்டுல அவங்கவங்க காலை வெச்சுத் தடம் பதிஞ்சாத்தான் விதை" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

தடம் என்ற சொல் காதில் விழுந்ததும் பூவாத்தாவின் காது இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன. விதை வேண்டும். ஆனால் காலைக் களிமண்ணில் அழுத்தி, அதைக் காய வைத்து, யாரோ கொண்டுபோய் எங்கேயோ அடுக்குவார்களாம். வேட்டைக்காரன் ஒரு நாள் தேடி அலைந்து கண்டுபிடிக்க வேண்டியதைக் களிமண்ணில் வைத்து அவன் கையில் கொடுப்பதுபோல அல்லவா இருக்கிறது? இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போது எதற்கு? தன் தடத்தை எடுப்பதற்குத்தான் குளம், கரை, வெட்டிவேர் என்று கதை கட்டுகிறார்களோ என்று அவளுக்குத் தோன்றியது.

அதிகாரியம்மா யார் என்று கேட்ட பிறகு பயம் இன்னும் கூடியது. அவர் ஒரு முள்ளம்பன்றி. எழுத வேண்டுமென்றால் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி எழுதுவார். கோபம் வந்தால் மற்ற முள்ளெல்லாம் எழுந்து நிற்கும். கேள்வி கேட்டால் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பார் என்று பெருச்சாளி சொன்னது. பூவாத்தா நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. தன் பெயரைக் கேட்டாலே தரையைப் பார்ப்பாள்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சீரங்கன் அவள் நிலத்துக்கு வந்தான். சீரங்கன் ஒரு கீரி. போன மழைக்காலத்தில் சங்கம்புதருக்குள் நுழைந்த கட்டுவிரியனைக் கடித்துக் கொன்றவன். அன்றிலிருந்து பூவாத்தாவுக்கு அவன் அண்ணன். கரையில் யாருக்கு என்ன விசேசம் என்றாலும் முன்னால் நிற்பான். மெதுவாகப் பேசுவான். மீசையைத் தடவிக்கொண்டே பேசுவான்.

"என்ன தங்கச்சி, முகம் வாடியிருக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சீரங்கன் தலையை ஆட்டிக் கேட்டான். அவள் பயப்படுவது சரிதான் என்றான். அந்த ஆலமரத்தடித் தட்டெல்லாம் கடைசியில் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும் என்றான். அவளே நினைத்ததை இன்னொருவர் வாயால் கேட்டதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது.

"நீ வர வேணாம் தங்கச்சி. பிள்ளைங்களை விட்டுட்டு அந்தக் கூட்டத்துல உனக்கென்ன வேலை? உனக்குப் பதிலா நான் தடம் வெச்சு விதையை வாங்கியாறேன். என் தடம் போனா போகட்டும். கீரி கறியை எவன் தேடுறான்?"

பூவாத்தாவுக்குக் கண் கலங்கியது. பதிலுக்கு என்ன தருவது என்று கேட்டாள். சீரங்கன் சிரித்தான். அண்ணன் தங்கச்சிக்குள் என்ன கணக்கு என்றான். போகிறபோது மட்டும் கரையைத் திரும்பிப் பார்த்தான். "பத்து எட்டுன்னா நிலத்துக்காரி எட்டுதானாம். நான் விசாரிச்சிட்டேன். உன் தாவல்ல பத்து தாவல் விட்ரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முயலின் பத்து தாவல் என்றால் என்ன ஆகும்? அவள் நிலத்தில் பாதி போய்விட்டது. தண்ணீரை ஒட்டியிருந்த நல்ல கரிசல் பாதி. பூவாத்தா அங்கே வெட்டிவேர் நட்டாள். ஒவ்வொரு வேர் நடும்போதும் காட்டரசாங்கத்தைத் திட்டினாள். சத்தமாக இல்லை, மீசைக்குள்ளேயே.

பௌர்ணமிக்கு மறுநாள் சீரங்கன் விதை கொண்டுவந்தான். மூன்று சிரட்டைப் பயறு இருந்தது.

"இவ்வளவுதானா அண்ணே?"

"பத்துன்னு எழுதிக்கிட்டு மூணு குடுக்குறாங்க தங்கச்சி. கேட்டா முள்ளைத் தூக்குறா அந்தப் பொம்பளை. இதையே சண்டை போட்டுத்தான் வாங்கியாந்தேன்."

"நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் பூவாத்தா. தான் நினைத்தது நடந்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. சந்தேகப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு சுகம் உண்டு.

அன்று சாயங்காலம் மருதாயி வரப்பு வழியாக எருக்கங்கன்று இழுத்துக்கொண்டு போனாள். கூட நாற்பது எறும்புகள் இருந்தன. கன்றுகளோ ஏராளமாக இருந்தன. பூவாத்தா வேலையை நிறுத்திப் பார்த்தாள். மருதாயியே நின்று பேசினாள். போன இடத்தில் அரை நாள் நிற்க வைத்தார்களாம். அதிகாரியம்மாவிடம் பன்னிரண்டு கேள்வி கேட்டாளாம். எட்டாவது கேள்விக்கே அவர் முள் பாதி எழுந்துவிட்டதாம். ஆறு காலில் எந்தக் காலை வைப்பது என்று கேட்டதற்கு ஆறையும் வைத்துத் தொலை என்றாராம்.

"எட்டு யாரோடதுன்னும் கேட்டேன். அவங்க முள்ளால பத்து முள்ளு நீளமாம், எல்லாருக்கும் ஒண்ணுதான். நீ எதுக்குடி இவ்ளோ நிலத்தை விட்டிருக்க?"

பூவாத்தா தரையைப் பார்த்தாள். மருதாயி போன பிறகு நினைத்துக்கொண்டாள். இவளுக்கு மட்டும் இத்தனை கன்று எப்படிக் கிடைத்தது? ஏதாவது தேன்துளி கொடுத்துக் காரியம் சாதித்திருப்பாள். இவளுக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவா? ஆபீஸ் என்றால் அப்படித்தான். சீரங்கன் அண்ணன் பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவன் கட்டுவிரியனைக் கொன்றவன் ஆயிற்றே.

மழை வந்தது. மூன்று சிரட்டைப் பயறைப் பாதி நிலத்தில் விதைத்தாள். ஒவ்வொரு பாத்திக்கு அடியிலும் வழக்கம்போல எரு புதைத்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் வழக்கம்போலத் தடத்தைக் கூட்டினாள். பயறு பூத்துக் காய்த்தது. கரையில் வெட்டிவேர் முழங்கால் உயரம் வளர்ந்து மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த மழையில் திட்டத்தில் சேராத பெருச்சாளி மாமாவின் கரை சரிந்து, வளையின் வாசலே தண்ணீருக்குள் போனது. மாமா அதற்கும் அரசாங்கத்தைத்தான் திட்டியது. வெட்டிவேர் நிழலில் நண்டும் தவளைக்குஞ்சும் பெருகின. சீரங்கன் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து கரையைப் பார்த்துவிட்டுப் போனான். தங்கச்சி மேல் எவ்வளவு அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தை மாதம், காய் முற்றி இன்னும் நாலு நாளில் பறிக்க வேண்டும் என்றிருந்தபோது, அதிகாரியம்மா கரை பார்க்க வந்தார். தட்டுகளை ஒரு காட்டெருமை முதுகில் ஏற்றியிருந்தார்கள். பூவாத்தா குட்டிகளை இழுத்துக்கொண்டு ஆவாரம்புதருக்குள் ஒளிந்தாள். அங்கிருந்து காது மட்டும் வெளியே நீண்டிருந்தது.

கருவேல மரத்தடியில் அதிகாரியம்மா நின்றார். "இது யார் நிலம்?"

"என்னுதும்மா" என்றான் கூடவே வந்திருந்த சீரங்கன்.

பூவாத்தா தன் காதையே நம்பவில்லை. அவசரத்தில் தன் பெயரைச் சொல்ல மறந்திருப்பான் என்று நினைத்தாள். அதிகாரியம்மா ஒரு தட்டை எடுத்துப் பார்த்தார். கருவேல மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள துண்டு, பத்துச் சிரட்டை விதை, அதன்கீழ் ஒரு தடம். ஐந்து விரலும் நீண்ட நகமுமாக அழுத்திப் பதிந்த தடம். சீரங்கன் காலைத் தூக்கிக் காட்டினான். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

"கரையை நல்லா வெச்சிருக்க. அளவுக்கு மேலயே விட்டிருக்க. இன்னும் ரெண்டு மழை. அப்புறம் புல்லு உரிமை உனக்கு" என்றார் அதிகாரியம்மா.

"பயிரு, கரை எல்லாம் என் ஒருத்தன் உழைப்புதாம்மா" என்றான் சீரங்கன். மீசையைத் தடவிக்கொண்டான். அவன் கண் வெட்டிவேருக்கு அடியில் ஓடிய ஒரு நண்டின் மேல் இருந்தது.

புதருக்குள் பூவாத்தாவுக்கு இப்போதுதான் புரிந்தது. ஒவ்வொன்றாக விளங்கியது. பத்து தாவல், மூன்று சிரட்டை, வெட்டிவேர் நிழலில் பெருகிய நண்டுக்காக இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்த அக்கறை. கட்டுவிரியனும்கூட. அவன் அதை அவளுக்காகக் கொல்லவில்லை. அது அவனுக்குச் சாப்பாடு.

ஓடிவிடலாம். ஓடுவது முயலுக்குத் தெரிந்த வேலை. ஆனால் ஓடினால் பயறு போய்விடும். நிலமும் போய்விடும். கடைக்குட்டி அவள் வயிற்றை முட்டியது. பூவாத்தா புதரை விட்டு வெளியே வந்தாள்.

"அம்மா, அது என் நிலம்" என்றாள். அவளுக்கே கேட்காத குரல். அதிகாரியம்மா, சத்தமாகச் சொல் என்றார். அவள் மறுபடி சொன்னாள்.

இதற்குள் பெருச்சாளி, தவளை, மருதாயி, காக்கை எல்லாரும் வந்துவிட்டார்கள். மருதாயிதான் சாட்சி சொன்னாள். நாலு வருசமாக இந்த நிலத்தில் கோரை பிடுங்குவது பூவாத்தாதான் என்றாள்.

சீரங்கன் பணிவாகச் சிரித்தான். "எறும்புக்குக் கண்ணு மங்கலும்மா. நாலடி தள்ளி நிக்கிறது முயலா மூட்டையான்னு தெரியாது. பாவம், அதைச் சொல்லிக் குத்தமில்ல." மருதாயி கடிக்கப் போனாள். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. எறும்புக்குக் கண் மங்கல்தான்.

பெருச்சாளியைக் கேட்டார்கள். தான் அரசாங்கக் காரியத்தில் தலையிடுவதில்லை என்றது மாமா. தவளை தண்ணீருக்குள் போய்விட்டது.

அதிகாரியம்மாவின் முள் லேசாக எழுந்தது. "உழுதவங்க தடம் நிலத்துல இருக்கும்ல? பார்த்தாத் தெரிஞ்சுபோகுது."

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். நிலம் கூட்டித் துடைத்ததுபோல் கிடந்தது. அதன்மேல் அன்று காலையில் நடந்த சீரங்கனின் தடம் வரிவரியாகத் தெரிந்தது. வேண்டுமென்றே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்திருந்தான். முயல் தடம் ஒன்றுகூட இல்லை. நாலு வருசம் உழைத்த நிலத்தில், உழைத்தவள் தன் கையாலேயே தன் அடையாளத்தைக் கூட்டித் தள்ளியிருந்தாள்.

"என்னம்மா சொல்ற?" என்றார் அதிகாரியம்மா.

பூவாத்தா தரையைப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிற தரை. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. காது நுனிவரை சிவந்துபோனாள்.

"ஒரு சாட்சி இருக்கும்மா. சொல்ல ஒரு மாதிரியா இருக்கு."

"சொல்லாத சாட்சியை நான் எப்படி எழுதுறது?"

அவள் தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள். அந்த முள்ளுக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் போனதே இல்லை. கோபமில்லாதபோது அது படிந்துதான் கிடக்கும் என்று அன்றுதான் பார்த்தாள். எட்டி அதிகாரியம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

"புழுக்கையா?" என்றார் அதிகாரியம்மா, குளம் முழுவதும் கேட்கும்படி.

காக்கை சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து வழுக்கியது. பெருச்சாளி மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பூவாத்தாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் இந்தத் தடவை இடத்தை விட்டு நகரவில்லை.

அதிகாரியம்மா ஒரு பாத்தி ஓரமாகத் தோண்டினார். விரற்கடை ஆழத்தில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை இருந்தது. அது இந்த வருசத்து எரு. அதற்கும் கீழே போன வருசத்தது, பாதி மண்ணாகி இருந்தது. இன்னும் கீழே பொடிப்பொடியாக இரண்டு அடுக்கு. வேறு நாலு பாத்தியைத் தோண்டினார். அங்கேயும் அப்படியே. ஒன்றை முள் நுனியில் குத்தி எடுத்து உடைத்துப் பார்த்தார். உள்ளே புல் நார்.

"இதுல எலும்பு இல்ல, மயிரு இல்ல, நண்டு ஓடு இல்ல" என்றார். "ஏன்டா சீரங்கா, நீ புல்லு தின்ன ஆரம்பிச்சு நாலு வருசமாகுதா?"

சீரங்கன் மீசையைத் தடவவில்லை. தான் எதையும் மனசில் வைத்துச் செய்யவில்லை, தங்கச்சிக்காகத்தான் செய்தேன் என்று ஆரம்பித்தான். அதிகாரியம்மாவின் முதுகில் எல்லா முள்ளும் ஒன்றாக எழுந்தது. அவன் இரண்டு எட்டு பின்னால் போனான்.

மீதி ஏழு சிரட்டை விதை எங்கே என்று கேட்டார். புறா பிடிக்க இரையாக இறைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டான். மாசி முடிவதற்குள் ஏழு சிரட்டையையும் தேடிக் கொண்டுவர வேண்டும், இனி கரைப்பக்கம் கால் வைக்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவானது. அவன் தடம் பதித்த தட்டைக் காட்டெருமை மிதித்து உடைத்தது. ஏழு சிரட்டையும் வந்ததா என்றால், வரவில்லை. நான்குதான் வந்தது. மிச்சத்துக்கு அதிகாரியம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பினார். கீரி வளையில் இல்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அப்போது அதிகாரியம்மா ஈரக் களிமண்ணில் புதுத் தட்டு ஒன்று தட்டி அவள் முன்னால் வைத்தார். "கேக்க வேண்டியதை வந்து கேட்டிருந்தா உனக்கு இவ்ளோ அலைச்சல் இல்ல. எனக்கும் இல்ல. காலை வை."

பூவாத்தா காலை வைக்கவில்லை. "அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க" என்றாள்.

வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பத்து முள் நீளம் என்றால் எங்கே முடிகிறது என்று நிலத்தில் அளந்து காட்டச் சொன்னாள். அளந்தார்கள். கரிசலில் பெரும்பகுதி அவளுக்கே திரும்பி வந்தது. வாங்காத ஏழு சிரட்டையைத் தன் பெயரில் ஏற்றக் கூடாது என்றாள். மூன்று என்று திருத்தினார். மூன்று மழைக்குப் பிறகு வேலி போடுவீர்களா என்று கேட்டாள். பெருச்சாளி மாமா காதைத் தீட்டிக்கொண்டது.

"போட மாட்டோம்னு இதுல இருக்கு. நாளைக்கு எனக்குப் பதிலா வேற அதிகாரி வந்து போடணும்னு சொன்னா, இந்தத் தட்டை எடுத்துக் காட்டு. அதுக்குத்தான் உன் தடம்."

"தட்டு உங்ககிட்ட இருக்கும். நான் எதைக் காட்டுறது? எனக்கும் ஒண்ணு வேணும்."

அதிகாரியம்மாவின் முள் பாதி எழுந்தது. பிறகு தானாகப் படிந்தது. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முனகிக்கொண்டே இரண்டாவது தட்டும் தட்டினார். பூவாத்தா இரண்டிலும் காலை வைத்து அழுத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் வேண்டுமென்று வைத்த தடம் அவை இரண்டுதான். தன் தட்டு காய்ந்ததும் அதை மழையில் நனையாதபடி கல் மூடி நிலத்திலேயே ஓர் இடத்தில் புதைத்தாள். எந்த இடம் என்று மருதாயிக்குக்கூடச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பெருச்சாளி மாமா மெல்ல அவள் அருகில் வந்தது. "என்ன பூவாத்தா, கடைசியில நீயும் அரசாங்கத்தை நம்பிட்ட போல."

"நம்பல மாமா" என்றாள் பூவாத்தா. அவள் கை ஆவாரங் கொத்தைத் தேடி எடுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தது. "அவங்களையும் நம்பல, அண்ணன்னு வர்றவனையும் நம்பல. இனிமே யாரு என்ன சொன்னாலும் நானே நேரா போயி, வெக்கத்தைப் பாக்காம நாலு வார்த்தை கேட்டு, அதுக்கப்புறம்தான் மாமா நான்..."

"அம்மா, தம்பி வெட்டிவேரைப் பிடுங்கித் திங்கிறான்!" என்று மூத்த குட்டி கரையிலிருந்து கத்தியது. ஆவாரங் கொத்தைப் போட்டுவிட்டு அவள் ஒரே தாவலாகத் தாவினாள்.

அவள் பாதியில் விட்டதை நாம் முடித்துக்கொள்ளலாம்: தூரத்தில் இருப்பவர்மேல் சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும், கேட்க வெட்கப்படுகிறவரைப் பக்கத்தில் இருப்பவரே ஏமாற்றிவிடுவார்.